சிவப்புத் தகடு கட்டிய ஆண்மரங்கள்

1978 மே 9, செவ்வாய்க்கிழமை. கல்லூரிக்குக் கோடை விடுமுறை, எனக்கு இல்லை. காலை ஒன்பது மணிக்கு ஹெர்பேரியத்தின், அதாவது உலர்செடிகள் வைக்கும் அறையின், கதவைத் திறந்தேன். முந்தைய நாள் அழுத்திவைத்த செடிகளின் ஈரக் காகிதங்களை உருவி, உலர்ந்தவற்றை மாற்றினேன். ஈரமானவற்றை மொட்டை மாடியில் வெயிலில் பரப்பி ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தேன். எங்கள் துறையில் செடிகளை அழுத்துவதற்குத் தெலுங்குச் செய்தித்தாள்தான். ஆங்கிலத் தாள் வழவழப்பு, ஈரம் குடிக்காது. அலமாரிகளில் அந்துருண்டை மாற்றினேன். பத்து மணிக்கு டீ.

நான் திருப்பதியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஹெர்பேரியம் கீப்பராக இருந்தவன். ஆந்திர அரசாங்கம் ஓய்வு வயதை ஐம்பத்தைந்தாகக் குறைத்தபோது, கையில் இருந்த செடியைக்கூட ஒட்டி முடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். இப்போது என் இடத்தில் இருக்கும் இளைஞர் போன மாதம் வந்து, மலையில் செம்மரங்களுக்கு எண் போடும் வேலை வந்திருக்கிறது, நீங்கள் முன்பு எண் போட்டீர்களாமே, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அவருக்கு வாயால் சொன்னதில் பாதியை அவர் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடம்; நைனா, என் அப்பா, கம்பவுண்டர். மருந்துப் பாட்டிலுக்குச் சீட்டு எழுதி எழுதி என் கையெழுத்து நன்றாக வந்திருந்தது. அதற்காகவே என்னை எடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் அடுத்தவர் பறித்த செடிக்குச் சீட்டு எழுதினேன். பிறகு நானே பறித்தேன். பூச்சி தின்னாமலிருக்க விஷக் கரைசலில் செடியை முக்குவது, கோந்தில் ஒட்டுவது, தடித்த காம்பை நூலால் தைப்பது எல்லாம் தானாக வந்தன. பதவி உயர்வு மட்டும் வரவில்லை.

எங்கள் துறைத் தலைவரை ஹெட் என்றே எழுதுகிறேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். கட்டை உருவம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. 'நான்' என்று பேசமாட்டார். "டிபார்ட்மெண்ட்டுக்குக் காப்பி வேணும்," என்பார். "டிபார்ட்மெண்ட் இன்னிக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போகுது," என்பார். மேஜைமேல் பூதக்கண்ணாடி இருந்தது. அது காகிதம் பறக்காமலிருக்க. அவர் செடியை அறிவது நாக்கால். எந்த இலையைக் கொடுத்தாலும் நுனியைக் கிள்ளி முன்பற்களால் இருமுறை கடிப்பார், கண்ணை மூடுவார், கைக்குட்டையை நான்காக மடித்து அதில் துப்புவார், பிறகு அது எந்தத் தாவரக் குடும்பம் என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை மாணவர்கள் முன்னால் காட்டுக் கருணையின் கிழங்கை அப்படிக் கடித்தார். நாக்கு தடித்துவிட்டது. அன்றைய வகுப்பு முழுவதையும் கரும்பலகையில் எழுதியே நடத்தினார். அந்த வருடத்திலேயே நன்றாகப் புரிந்த பாடம் அதுதான் என்று மாணவர்கள் சொன்னார்கள்.

இன்னொரு முறை சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவருக்குத் திருப்பதிக் கடைவீதியைச் சுற்றிக் காட்டினார். செம்மரம் உலகத்திலேயே எங்கள் பக்கத்து மலைகளில்தான் தானாக வளர்கிறது. காய்ந்த சரிவு, கல்லோடு கலந்த மண், கொஞ்சம் மழை. இதைவிட நல்ல நிலம் கொடுத்தால் வளரும், ஆனால் உள்ளே சிவப்பு ஏறாது. அந்தக் கட்டையில் மரப்பாச்சி ஜோடி செய்து விற்பார்கள். மற்ற கட்டைக்குச் சாயம் போட்டும் விற்பார்கள். எது அசல் என்று விருந்தாளி கேட்டார். ஹெட் கடைக்காரரிடம் ஒரு மாப்பிள்ளைப் பொம்மையை வாங்கி அதன் தலையை நக்கினார். "சாயம்," என்றார். கடைக்காரர் அந்தப் பொம்மையைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். பல வருடம் அது எங்கள் துறை அலமாரியில் ஜோடியில்லாமல் நின்றது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். டீ குடித்து முடிப்பதற்குள் புவனா படியேறி வந்தாள். புவனா எங்கள் ஆராய்ச்சி மாணவி. கார்வேட்டிநகரத்துப் பெண், வீட்டில் தமிழ், படிப்பு தெலுங்கில், கணக்கு மட்டும் ஆங்கிலத்தில் போடுவாள். புத்தூரில் பள்ளி ஆசிரியை வேலையைச் சம்பளமில்லாத விடுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது திரும்பிப் போகவேண்டும். அதற்குமேல் விடுப்பு கிடையாது. அதற்குள் அவளுடைய சோதனை முடியாவிட்டால் மூன்று வருட வேலை குப்பை. இது துறையில் எல்லோருக்கும் தெரியும். அன்று அவள் சந்திரகிரிப் பக்கத்து மலையில் இருந்திருக்கவேண்டும். செருப்பெல்லாம் செம்மண்ணோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, மலைமேல எல்லாருக்கும் மொட்டை அடிச்சிட்டாங்க," என்றாள்.

திருப்பதியில் இந்த வாக்கியத்துக்கு யாரும் தலை நிமிரமாட்டார்கள். அவள் சொன்னது மரங்களை என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது.

அந்த மரத்தைத் தெலுங்கில் பேரித என்பார்கள். பார்த்தால் ஈச்சங்கன்று, இடுப்புயரம், மிஞ்சினால் ஆளுயரம். ஈச்சைக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. பூக்கும் செடிகள் உலகத்தில் தோன்றுவதற்கு முன்பே இருந்த குடும்பம். இந்த வகை எங்கள் கிழக்கு மலைகளை விட்டு எங்கும் இல்லை. புல் மண்டிய வறண்ட சரிவில், பாறை இடுக்கில் வளரும். கோடையில் காட்டுத்தீ வந்து மட்டையையெல்லாம் எரித்துவிட்டுப் போகும். கருகிய அடிமரத்தின் உச்சியில் ஒரே மாதத்தில் புது மட்டை விரியும். இதில் ஆண் தனி மரம், பெண் தனி மரம். ஆண்மரத்தின் உச்சியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கூம்பு நிமிர்ந்து நிற்கும். பெண்மரத்தில் கூம்பு இல்லை. உச்சியில் மயிரடர்ந்த சின்ன இலைகள் வட்டமாக விரியும், அவற்றின் ஓரத்தில் சூல்கள். பல வருடத்துக்கு ஒருமுறைதான் ஒரு பெண்மரம் இப்படி விரியும். சூல் தயாரானதும் அதன் நுனியில் ஒரு துளி நீர் கசிந்து நிற்கும். சில நாள்தான். ஆணின் பொடி அந்தத் துளியில் விழவேண்டும். விழாவிட்டால் துளி வற்றிவிடும், அவ்வளவுதான்.

அந்தப் பொடியைக் கொண்டுசேர்ப்பது காற்றா, வண்டா என்பது புவனாவின் கேள்வி. அதற்காகச் சில பெண்மரங்களின் உச்சியை மல் துணியால் மூடிக் கட்டியிருந்தாள். காற்றும் வண்டும் நுழையாத அந்த மரங்களுக்கு, எந்த ஆண் என்று தெரிந்த பொடியை அவளே தூரிகையால் தூவிப் பார்க்கவேண்டும். அந்த வாரம் துளி வந்துவிட்டது. ஆண் கூம்புகளும் பொடி உதிர்க்கும் பருவத்தில் இருந்தன. தூவுவதற்காகத்தான் அவள் அன்று விடியற்காலையில் மலையேறியிருந்தாள். கூம்பு ஒன்றுகூட இல்லை. அத்தனையும் அடியோடு, ஒரே வெட்டில், நேர்த்தியாக.

ஆண் கூம்புக்கு இன்னொரு பெயர் உண்டு. அதன் செதில்களைக் காயவைத்து மதனகாமப்பூ என்று நாட்டுமருந்துக் கடைகளில் விற்பார்கள். எதற்கு என்று பெயரே சொல்லும். பாலில் போட்டுக் குடித்தால் கிழவனும் எழுந்து ஓடுவான் என்று சொல்வார்கள். எங்கே ஓடுவான் என்று யாரும் சொன்னதில்லை. பச்சையாகத் தின்றால் கழிவறைக்கு ஓடுவான் என்பது எங்களுக்குத் தெரியும், குடும்பமே விஷம்.

ஆகவே எதற்குத் திருடினார்கள் என்று யோசிக்கவேண்டியதில்லை, எப்படி என்பதுதான் கேள்வி. ஆண்மரத்தைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை. நீளப் புல்லுக்குள் மறைந்திருக்கும். நூறு மரத்தில் கூம்பு விடுவது சில. மூலிகை பறிக்கிறவர்கள் ஒரு பருவம் முழுக்க அலைந்து ஒரு கூடை சேர்ப்பார்கள். இங்கே ஒரு சரிவு முழுவதும் ஒரே வாரத்தில் சுத்தமாகியிருந்தது.

அதற்கு மார்ச் மாதத்துக்குப் போகவேண்டும். கூம்புகள் முளைவிட்டிருந்த சமயம். மரங்களுக்கு அடையாளம் வேண்டும் என்று ஹெட் முடிவு செய்தார். அவருக்கு ஒழுங்கில்லாத காடு பிடிக்காது. தகர டப்பாக்களை வெட்டித் தகடு செய்யச் சொன்னார். ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. எண்ணைக் கறுப்பில் நான் எழுதினேன். தூரத்திலிருந்தே படிக்கவேண்டும் என்பதால் பெரிதாக. துறைக் கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். விரிவுரையாளர் ஒருவர் இது வெளிநாட்டு முறை என்றார். எங்களுக்கு வழிகாட்ட சந்திரகிரிக்கு அப்பால் அடிவாரக் கிராமத்திலிருந்து முனிரத்தினம் என்பவரை அமர்த்திக்கொண்டோம். என் வயதுக்காரர், ஒவ்வொரு மரத்தையும் அவர்தான் காட்டினார், மட்டையை அவர் விலக்கிப் பிடிக்க நான் கம்பியால் தகட்டைக் கட்டினேன். அதற்குமுன் மரத்தின் அடியில் அதே சிவப்புப் பெயிண்டில் ஒரு வளையம். தகடு விழுந்தாலும் தெரியவேண்டும் என்பது ஹெட்டின் உத்தரவு. பெயிண்ட் டப்பாவைத் தூக்கிவந்தவரும் முனிரத்தினம்தான். இதெல்லாம் எதற்கு என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கூலியாளுக்குச் சொன்னால் குழப்பம் என்பது ஹெட்டின் கொள்கை. கூம்பு விட்ட ஆண் ஒன்றையும் நாங்கள் விடவில்லை. அந்தச் சரிவில் அத்தனைக்கும் சிவப்பு.

ஹெட் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். லுங்கியில் வெளியே வந்து கேட்டுவிட்டு உள்ளே போய் முழுக்கைச் சட்டையோடு திரும்பினார். "டிபார்ட்மெண்ட் நேர்ல பார்க்க விரும்புது," என்றார். டிரைவர் விடுப்பில் இருந்ததால் டிபார்ட்மெண்ட் பஸ்ஸில் வந்தது. அந்த மரங்கள் இருக்கும் இடம் எங்களைத் தவிர முனிரத்தினத்துக்குத்தான் தெரியும், அதனால் சந்திரகிரியில் இறங்கி அவர் ஊருக்கு நடந்தோம்.

முனிரத்தினம் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக எழுந்து வந்தார். ஒரு திருடன் அப்படி வரவேற்று நான் பார்த்ததில்லை. கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார். ஹெட் உட்காரவில்லை.

"ஏமய்யா, கூம்பையெல்லாம் யாரு அறுத்தது?"

"நான்தான் சார்," என்றார் முனிரத்தினம். "ஒண்ணு விடல. எல்லாம் முடிஞ்சிட்ச்சி."

  புவனாதான் கேட்டாள், ஏன் அறுத்தீர்கள் என்று.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்கதானம்மா செவப்பு சுத்தி நெம்பரு போட்டீங்க? நெம்பரு போட்டா அறுக்கணும். எங்க நைனா காலத்துலேர்ந்து அப்டித்தான். கூப்புல ஃபாரஸ்டர் பெயிண்டு அடிச்சி நெம்பரு போட்டுக்கினே போவாரு, நாங்க பின்னாடியே கோடாலி எடுத்துக்கினு போவோம். நெம்பரு இல்லாத செடியில ஒரு மட்டையத் தொட்டிருந்தா கேளுங்க. வெள்ள நெம்பருல ஒண்ணும் இல்ல, அதனால விட்டுட்டேன்."

கூப்பு என்றால் காட்டில் அந்த வருடம் வெட்டுவதற்கென்று ஒதுக்கும் பகுதி. எந்த மரத்தை வெட்டலாமோ அதற்குச் சிவப்பு வளையமும் எண்ணும் போடுவார்கள். அடிவாரத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். நாங்கள் வெளிநாட்டு முறை என்று நினைத்ததை அந்த ஊரில் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் படித்திருக்கிறார்கள்: இதை வெட்டு.

இதோடு நிற்கவில்லை. தகடுகள் எங்கே என்று நான் கேட்டேன். அவற்றை அந்தந்தக் கூம்பின் காம்பிலேயே கட்டி எடுத்துப்போனதாகச் சொன்னார். சோதனைச் சாவடியில் எண்ணைப் பார்த்துவிட்டு, கையை ஆட்டிப் போகச் சொன்னார்களாம். வழக்கமாகக் கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், இந்த வருடம்தான் மரியாதை என்றார். அந்த மரியாதையில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு.

"எப்ப அறுத்தீங்க?" என்றாள் புவனா.

"வெள்ளிக்கெழம ஆரம்பிச்சி நேத்து முடிச்சேன். திருப்பதியில கோயிந்தசாமி கடையில போட்ருக்கறேன். பச்ச சரக்கு, இப்பதான் காஞ்சிக்கினு இருக்கும்."

புவனா என்னைப் பார்த்தாள். நான் புரிந்துகொள்வதற்குள் அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். முற்றிய கூம்பை அறுத்தாலும் அது உடனே சாகாது. காயக்காயச் செதில் விரிந்து பொடி உதிரும். தகடும் அதிலேயே இருக்கிறது. அவளுக்கு வேண்டியதெல்லாம், எண் வாரியாக, ஒரு நாட்டுமருந்துக் கடையில் பாயில் விரித்துவைக்கப்பட்டிருந்தது.

கோவிந்தசாமி நகரிக்காரர். தறிக் குடும்பம். விசைத்தறிச் சத்தம் காதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பதிக்கு வந்து மருந்துக்கடை போட்டவர். ஒல்லி, காதில் கடுக்கன், எதையும் பாதிக் கண்ணால்தான் பார்ப்பார். கடைக்குப் பின்னால் சிறிய முற்றம். அங்கே பாயில் எங்கள் கூம்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புத் தகடு. பாயெல்லாம் மஞ்சள் பொடி. இரண்டு மாதமாக மலையில் தேடித்தேடிப் பார்த்தவற்றை மூன்று எட்டில் சுற்றிவந்துவிடலாம் போலிருந்தது.

"நெம்பர் சரக்கு சார்," என்றார் கோவிந்தசாமி பெருமையாக. "கவர்மெண்ட்டே செக் பண்ணி நெம்பர் கட்டினது. மெட்ராஸ்லேர்ந்து ஆளு வந்து கேக்கறாங்க. தகடு இல்லாதத இப்ப எவனும் வாங்கறதில்ல."

நாங்கள் யாரென்று ஹெட் சொன்னார். கூம்பு வேண்டாம், அந்தப் பொடி மட்டும் போதும் என்றார். அப்போது புவனா பையிலிருந்து தூரிகையையும் காகித உறைகளையும் எடுத்தாள். அதுதான் தவறு. கோவிந்தசாமியின் இன்னொரு பாதிக் கண்ணும் திறந்துகொண்டது. அதுவரை அந்தப் பொடி அவர் தினமும் விளக்குமாற்றால் கூட்டிச் சாக்கடையில் தள்ளிய குப்பை.

"நேத்து வரைக்கும் தூசி," என்றார். "இன்னிக்கி மூணு படிச்சவங்க, வெய்யில்ல, பிரஷ் எடுத்துக்கினு வந்து கேக்கறீங்க. அப்ப அதுலதான் இன்னாமோ இருக்குது. நான் குடுக்கமாட்டேன் சார்."

புவனா அது வெறும் மகரந்தம் என்றாள். அது என்ன என்று கேட்டார். ஆண்மரத்தின் வித்து மாதிரி என்று அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். கோவிந்தசாமி பாயின் ஓரத்தை மடக்கி, சேலைத் தலைப்பை இழுத்துவிடுவதுபோலக் கூம்புகளை மூடினார்.

"அம்மா, அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றார்.

நான் கெஞ்சினேன். கடையில் வேறு மூன்று பேர் மருந்து வாங்க நின்றிருந்தார்கள்; அவர்களும் முற்றத்துக் கதவருகே வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒருவர் புது மாப்பிள்ளை, கையில் மஞ்சள் கயிறு இன்னும் இருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பாய்க்குள் பொடி வெந்துகொண்டிருந்தது. மலையில் துளி வற்றிக்கொண்டிருந்தது. புவனா தூரிகையின் மயிரை விரலால் நீவிக்கொண்டே நின்றாள்.

அப்போது ஹெட் குனிந்தார். பாயின் மடிப்பை விலக்கி ஒரு கூம்பிலிருந்து செதில் ஒன்றைப் பிய்த்தார். முன்பற்களால் இருமுறை கடிப்பார், கைக்குட்டையில் துப்புவார் என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுக்கவில்லை. முழுச் செதிலையும் வாயில் போட்டு மென்றார். விழுங்கினார். இன்னொன்று பிய்த்தார்.

முப்பது வருடமாக இந்த மருந்தை மூடநம்பிக்கை என்று வகுப்பில் திட்டியவர். பச்சைச் செதில் வயிற்றை என்ன செய்யும் என்று எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர்.

"வீரியம் இதுலதான் இருக்கு," என்றார் கோவிந்தசாமியிடம். "பொடி சும்மா தூசி. நான் சொல்றேன்."

'நான்' என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

கோவிந்தசாமி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "சார் இதத் துன்றீங்களா?"

"எனக்கு நாலு பிள்ளைங்க," என்றார் ஹெட்.

அது பொய்யில்லை. நான்கு பேரும் ஊரில் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். புது மாப்பிள்ளை அந்தச் செதில் எந்த எண் கூம்பிலிருந்து வந்தது என்று மெல்லக் கேட்டார். பதினொன்று என்று ஹெட் தகட்டைப் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளை பதினொன்றை முழுதாக வாங்கிக்கொண்டார். அவரிடம் வேகவைக்காமல் தின்னாதே என்று ஹெட் குரல் தாழ்த்திச் சொன்னதை நான் கேட்டேன். கோவிந்தசாமி பாயைத் திறந்துவிட்டார். திறந்தது மட்டுமில்லை, கூம்புகளைத் தாமே தூக்கித் தட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு உறை. ஒரு கூம்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் புவனா தூரிகையை மாற்றினாள். நான் உறையில் எழுதினேன். பாயில் கலந்துபோன பொடியை அவள் தொடவில்லை; செதிலின் அடியிலிருந்து புதிதாக உதிர்ந்ததை மட்டும் எடுத்தாள். ஹெட் சுவரோரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது உறையின்போது நெற்றியில் வியர்வை. ஐந்தாவதின்போது எங்கே போகவேண்டும் என்று கோவிந்தசாமியைக் கேட்டார். கோவிந்தசாமி புரிந்துகொண்டமாதிரி சிரித்து, வீட்டுக்குத்தானே சார், ரிக்‌ஷா கூப்பிடட்டுமா என்றார்.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கடையில் நின்ற மூவரில் ஒருவர் அவர்கள் தெருக்காரர். அன்று மாலை நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஹெட் வீட்டு அம்மா வாசலில் வாங்கிக்கொண்டார். உள்ளே ஹெட் வாளியோடு இருந்தார். "ஏன் சாமுவேல், உங்க டிபார்ட்மெண்ட்டுக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று அம்மா கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஹெட் ஓய்வுபெறும்வரை மாணவர்கள் அவரை நம்பர் சரக்கு என்றுதான் சொன்னார்கள். அவருக்கு அது தெரியும். மறுத்துப் பேசியதே இல்லை. மறுத்தால் கோவிந்தசாமி காதுக்குப் போகும், அடுத்த வருடமும் பொடி தேவைப்படலாம் என்றார் என்னிடம். பிழைத்து எழுந்தபிறகு மறுபடி டிபார்ட்மெண்ட்டாகிவிட்டார்.

சோதனை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நாங்கள் தூவிய பெண்மரங்களில் சூல்கள் பருத்தன. துணிகட்டி, தூவாமல் விட்ட மரங்களில் சுருங்கி உதிர்ந்தன. பள்ளி திறக்குமுன் புவனா தன் அளவுகளை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போனாள். ஆய்வேட்டை அங்கேயே, வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தும் நேரத்துக்கு இடையில் எழுதி முடித்தாள். ஆனால் அந்தச் செவ்வாய் மாலை எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பொடிக்கு உயிர் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துச் சொல்ல நாள் பிடிக்கும். துளி அதுவரை நிற்காது. இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போவது ஒன்றுதான் வழி. உறைகளை உலர்ந்த டப்பாவில் வைத்து மூடி, ஹெர்பேரியத்தைப் பூட்டினேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் புவனாவும் சந்திரகிரியில் இறங்கி அடிவாரக் கிராமத்துக்கு நடந்தோம். முனிரத்தினம் வீட்டு வாசலில் கோடாலியும் கையுமாக நின்றிருந்தார், வெள்ளை எண்களுக்கும் முறை வந்துவிட்டது என்று நினைத்து. மலையேறுமுன் முதல் வேலையாக அவரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தோம். புவனா டப்பாவைத் திறந்து ஒரு உறையைக் காட்டி, ஆண் எது, பெண் எது, துணி எதற்கு, துளி எதற்கு, தான் ஜூனில் எங்கே போகவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு கேட்டார். 

"அப்ப பொண்ணு அங்க காத்துக்கினு இருக்குது," என்றார் கடைசியில், "மாப்ளய நான் கோயிந்தசாமி கடையில காயப்போட்டுட்டு வந்துட்டேன்."

ஆமாம் என்றாள் புவனா.

கோடாலியைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார். பீடியில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. பீடிப் புகை அந்தப் பொடிக்கு ஆகுமா என்று கேட்டார். ஆகாது என்று புவனா சொன்னாள். அதைக் கல்லில் தேய்த்து அணைத்துவிட்டு முன்னால் நடந்தார்.